சஃபாரிக்கு எந்த மாதம்? வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்க சஃபாரி பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: எப்போது போகலாம்? எந்த நாட்டுக்கு, எதைப் பார்க்க என்று சேர்த்துக் கேட்டவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த இரண்டும் தெரியாமல் மாதத்தைச் சொன்னால் அது ஜோசியம்.

முழுப்பரீட்சை லீவு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் ஆரம்பம் வரை. பிள்ளைகளுக்கு 11, 8 வயது. மே மாதம் கென்யாவின் மசாய் மாராவுக்குப் போய், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் மந்தை ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆசை. "மாரா வருஷம் பூரா நல்லாத்தான் இருக்கும்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
— வாசகி, மதுரை

பாதி நம்பலாம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி எல்லாம் மாராவில் ஆண்டு முழுக்க உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் மந்தை மே மாதத்தில் அங்கே இருக்காது. எல்லைக்குத் தெற்கே தான்சானியாவில் இருக்கும்.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள், அவற்றோடு லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் சிறுமான்களும், புல்லையும் மழையையும் தேடி வருஷத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை தான்சானியாவின் செரங்கெட்டியில் தெற்குச் சமவெளி. ஏப்ரல், மே மாதங்களில் நடு செரங்கெட்டி வழியாக வடமேற்காக நகரும். மே கடைசி, ஜூனில் குருமெட்டி ஆற்றுப் பக்கம். ஜூலையில் வடக்கே மாரா ஆற்றை நெருங்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அந்த ஆற்றின் இரு கரையிலும் அலையும். நவம்பரில் சிறுமழை இறங்கியதும் மறுபடி தெற்கு. மழை முந்தினாலோ பிந்தினாலோ இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகும்.

இன்னொரு சிக்கல், மார்ச் பிற்பாதியிலிருந்து மே வரை கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருமழைக் காலம். நம் கோடை லீவு அப்படியே அதன்மேல் போய் விழுகிறது. மழையைக்கூடச் சமாளித்துவிடலாம், மண்ணைச் சமாளிப்பதுதான் கஷ்டம். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறைந்த விலைப் பேக்கேஜில் வரும் மினி வேனுக்குப் பெரும்பாலும் நான்கு சக்கர இழுவை கிடையாது. ஒருமுறை சிக்கினால் இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து டிரைவர் கிளைத்தடங்களில் இறங்காமல் மெயின் ரோட்டிலேயே ஓட்டுவார். புல்லும் அப்போது நன்றாக உயர்ந்திருக்கும். அதில் சிங்கம் படுத்திருந்தால் இருபது அடியில்கூடக் கண்ணில் படாது. சில முகாம்கள் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பூட்டியே கிடக்கும்.

மே மாதத்தை மாற்றவே முடியாது என்றால் நாட்டை மாற்றுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிடும். மே பிற்பாதியில் புதர்கள் இலை உதிர்க்க ஆரம்பிக்கும், குட்டைகள் வற்றும், விலங்குகள் மீதமிருக்கும் தண்ணீருக்கு வரும். எட்டு வயதுப் பிள்ளையோடு போகும்போது மலேரியாவையும் யோசிக்க வேண்டும். க்ரூகர் பூங்கா மலேரியாப் பகுதி. குளிர்காலத்தில் ஆபத்து குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பிலானஸ்பெர்க், மடிக்வே இரண்டும் மலேரியா இல்லாத பகுதிகள். பிலானஸ்பெர்க் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரக் கார் பயணம்தான், சொந்தமாகவே ஓட்டிக்கொண்டு சுற்றலாம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கே உண்டு. தனியார் தங்குமிடம் என்றால் திறந்த ஜீப்பில் எத்தனை வயதுக் குழந்தையை ஏற்றுவார்கள் என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். இடத்துக்கு இடம் விதி வேறு.

ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் காலாண்டு லீவைப் பிடியுங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் அதற்கு நல்ல காலமே.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மாராவில் இரண்டு இரவு தங்குகிறோம். ஆறு கடப்பதைக் கண்டிப்பாகப் பார்த்துவிடலாம் அல்லவா?
— வாசகர், சென்னை

"கண்டிப்பாக" என்று யாராவது சொல்லியிருந்தால் அவரிடம் பணம் கட்டாதீர்கள். மந்தை கரைக்கு வரும். முன்வரிசை தண்ணீரைப் பார்த்து நிற்கும், பின்னால் இருப்பவை நெருக்கும். முன்னால் நிற்கும் ஒன்று துணிந்து இறங்கினால் மற்றவை மளமளவென்று பின்னாலேயே இறங்கும். முதலை அசைந்தாலோ, எதிர்க்கரையில் ஒரு வண்டி நகர்ந்தாலோ, காரணமே தெரியாமலோகூட, மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். நாலு மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு வருவது சகஜம்.

இரண்டு இரவு என்றால் கையில் இருப்பது ஒரே ஒரு முழுநாள். நாலு இரவாக்குங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால், பயணத்தில் நக்குரு, நைவாஷா ஏரிகள் இருந்தால் அவற்றில் ஒன்றை வெட்டிவிட்டு அந்த இரவுகளை இங்கே சேருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். கிழக்கிலுள்ள செக்கெனானி வாயில் பக்கம் அறை விலை குறைவு, ஆனால் மாரா ஆறு இருப்பது மேற்கில். குண்டும் குழியுமான தடத்தில் தினமும் போய்வருவதிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும். ஆற்றை ஒட்டியோ, மாரா முக்கோணம் எனப்படும் மேற்குக் கரைப் பகுதியிலோ தங்கினால் டிரைவருக்கு ரேடியோவில் செய்தி வந்ததும் போய்ச் சேரலாம். தான்சானியாப் பக்கம் இதே ஆறு கோகட்டெண்டே பகுதியில் ஓடுகிறது. அங்கே பொதுவாக வண்டிக் கூட்டம் குறைவு.

ஆற்றங்கரையில் செய்ய வேண்டியது இதுதான்: முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை வண்டி கரையிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். நல்ல இடம் பிடிக்க டிரைவர் முந்தினால், "வேண்டாம், இங்கேயே நிற்கலாம்" என்று நீங்களே சொல்லுங்கள். பெரிய டிப்ஸ் கிடைக்கும் என்ற நினைப்பில்தான் பல டிரைவர்கள் முந்துகிறார்கள். வண்டி வழியை மறித்ததால் மந்தை திரும்பிப் போவது ஒவ்வொரு சீசனிலும் நடக்கிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தை முகாமிலேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துவிடுங்கள், ஆற்றங்கரையில் வண்டியை விட்டு இறங்க அனுமதி இல்லை.

ஒரு தகவல்: முதலை வாயில் போவதைவிட, மேட்டுக்கரையில் ஏற முடியாமல் மூழ்கியும் நெரிசலில் மிதிபட்டும் சாவதுதான் அதிகம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதற்கும் தயாராகப் போக வேண்டும்.

பிப்ரவரியில் செரங்கெட்டி போனால் விலை குறைவு, ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது என்கிறார்களே?
— வாசகர், திருச்சி

இரண்டுமே தவறு. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை தெற்கே நுடுட்டு பகுதியில் வில்டபீஸ்ட் கன்று ஈனும் காலம், பிப்ரவரி அதன் உச்சம். பெரும்பாலான பசுக்கள் இரண்டு மூன்று வார இடைவெளிக்குள் ஈன்றுவிடும். அத்தனை கன்றுகள் ஒரே நேரத்தில் தரையில் இருந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவு தின்றாலும் மிச்சம் தப்பிவிடும். அந்த இடத்துக்கே வருவதற்குக் காரணம் மண். எரிமலைச் சாம்பல் படிந்த சமவெளி அது. கொஞ்சம் கீழேயே கெட்டித்தட்டிய அடுக்கு இருப்பதால் மரம் வேர்விட முடியாது, குட்டைப்புல் மட்டும் முளைக்கும். பால் சுரக்கத் தேவையான கால்சியமும் பாஸ்பரஸும் அந்தப் புல்லில் அதிகம்.

கன்று விழுந்த சில நிமிடங்களில் முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, குப்புற விழுந்து, மறுபடி முயன்று எழுந்துவிடும். சற்று நேரத்தில் தாயோடு ஓடவும் செய்யும். புல் குட்டை என்பதால் இது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சிவிங்கிப்புலி வேட்டையாடுவதைப் பார்க்கவும் இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். செரங்கெட்டி பூங்காவுக்குள் தடத்தை விட்டு வண்டி இறங்கக் கூடாது. நுடுட்டுவின் பெரும்பகுதி இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அங்கே இந்தச் சமயத்தில் இறங்கலாம்.

ஆகவே அங்கே பிப்ரவரி உச்ச சீசன், விலையும் அப்படித்தான் இருக்கும். மலிவாக ஒரு பேக்கேஜ் வந்தால் எந்த முகாம் என்று பாருங்கள். நடுவிலுள்ள செரோனெராவிலோ வடக்கே கோகட்டெண்டேயிலோ அறை போட்டுவிட்டு "செரங்கெட்டி, பிப்ரவரி" என்று விற்பவர்கள் உண்டு. கோகட்டெண்டேயில் அப்போது மந்தை இருக்காது. செரோனெராவிலிருந்து நுடுட்டு போய்வரவே பாதி நாள் ஆகிவிடும். மழை பொய்த்த வருஷங்களில் மந்தை வேறு பக்கம் ஒதுங்குவதும் உண்டு, அதற்கு மாற்றுமருந்து கூடுதலாக ஓர் இரவுதான்.

ஜூன் கடைசியில் போவதா, ஜூலையிலா? மாரா நுழைவுக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் என்று கேள்விப்பட்டேன்.
— வாசகர், கோயம்புத்தூர்

பெரிய வித்தியாசம்தான். 2024-இல் மாற்றிய கட்டணப்படி, வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாலு பெரியவர்கள் மூன்று நாள் இருந்தால் ஜூன் 30-க்குள் 1,200, ஜூலை பிறந்துவிட்டால் 2,400. அறை வாடகையும் ஜூலையில் ஏறும். பதிவு செய்யும்போது அப்போதைய கட்டணத்தை ஒருமுறை சரிபாருங்கள், எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள்.

சிங்கமும் சிறுத்தையும் போதும், ஆறு கடப்பது அவசியமில்லை என்பவர்களுக்கு எங்கள் ஓட்டு ஜூன் பிற்பாதிக்குத்தான். மழை ஓய்ந்திருக்கும், தடம் காய்ந்திருக்கும், ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும் கண்ராவியும் இருக்காது. புல் மட்டும் சற்று உயரமாக இருக்கும்.

தான்சானியாவும் சேர்த்துப் போகிறவர்களுக்கு: இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் இறங்க ஆள் கட்டணம் போக, வண்டிக்குத் தனியாக 250 டாலரும் வரியும் உண்டு. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே தொகை.

எனக்கு 66, மனைவிக்கு 61. பூமத்திய ரேகை நாடு என்பதால் பருத்திச் சட்டை போதும்தானே? மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா?
— வாசகர், சேலம்

பருத்தி மட்டும் கொண்டுபோனால் நடுங்கிப்போவீர்கள். இங்கோரோங்கோரோவின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடச் சற்றுக் கூடுதல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், மூடுபனியும் சேரும். தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலை குளிர்காலம். அங்கே கண்ணாடி இல்லாத திறந்த ஜீப்பில் விடிவதற்கு முன்னாலேயே கிளம்புவார்கள். காதை மூடும் குல்லா, கையுறை, உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுப்புகாத ஜாக்கெட். பத்து மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

ஊசி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்த அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள் முதல்முறையாக இதைப் போட்டுக்கொள்ளும்போது, அபூர்வமாக என்றாலும், கடுமையான பின்விளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. உங்கள் டாக்டர் வேண்டாம் என்றால் கென்யாவை விட்டுவிட்டு தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானாவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவை மஞ்சள் காய்ச்சல் நாடுகள் இல்லை. டிக்கெட்டை மட்டும் நைரோபி, அடிஸ் அபாபா வழியாக எடுக்காமல் வளைகுடா வழியாக எடுங்கள். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே தென்னாப்பிரிக்கா அந்தச் சான்றிதழைக் கேட்கும்.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் படகு சஃபாரி போக மழைக்காலம்தானே சரி?
— வாசகி, ஈரோடு

அப்படித்தான் தோன்றும், ஆனால் நேர்மாறு. ஒகவாங்கோ ஆற்று டெல்டாவை நிரப்பும் தண்ணீரில் பெரும்பங்கு நவம்பர் முதல் மார்ச் வரை அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்கிறது. நிலம் அவ்வளவு சமதளம் என்பதால் அந்த வெள்ளம் மெல்ல மெல்ல ஊர்ந்து, உள்ளூரில் மழையே இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் டெல்டாவில் உச்சம் தொடுகிறது. மொகோரோ என்னும், ஒற்றைக் கழியால் தள்ளும் படகில் போக அதுவே காலம். செப்டம்பர், அக்டோபரில் பல கிளைகள் வற்றிவிடும். படகு கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னாலும், அந்த முகாம் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் பகுதியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்திலுள்ள சோபே பூங்காவில் இதற்கு மறுபக்கம்: காடு காயக் காய யானைகள் ஆற்றுக்கு வரும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அக்டோபர் வெயில் நம் அக்னி நட்சத்திரம் மாதிரி இருக்கும்.

படம் எடுப்பவன் நான். வறட்சிக் காலமா, பச்சைக் காலமா?
— வாசகர், புதுச்சேரி

விலங்கு எளிதாகக் கிடைப்பது வறட்சியில், வெளிச்சமும் வானமும் நன்றாக இருப்பது மழையில். ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புழுதியோடு காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வானம் வெளிறிப் போகும். தூரத்துப் படங்கள் எல்லாம் பால் ஊற்றியதுபோல வரும். ஓடும் வண்டியில் கேமரா லென்ஸை மாற்றாதீர்கள். இரண்டு கேமரா, ஒன்றில் 100–400 மி.மீ. லென்ஸ், இன்னொன்றில் அகல லென்ஸ்.

நமீபியாவின் எட்டோஷா மட்டும் வறட்சியிலேயே போகவேண்டிய இடம். ஜூலை முதல் அக்டோபர் வரை நீர்க்குட்டை அருகில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால் போதும், எல்லாம் தானே வரும். ஒகாகுவேயோ முகாமின் குட்டைக்கு இரவிலும் விளக்கு உண்டு. கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதை வேலிக்கு இந்தப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தே எடுக்கலாம். கேமரா முக்காலி சஃபாரி வண்டியில் உதவாது. காலி துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே அரிசி வாங்கி நிரப்பி, லென்ஸைத் தாங்க ஜன்னலில் வையுங்கள்.

பறவை பார்க்க?
— வாசகர், நாகர்கோவில்

நவம்பர் முதல் மார்ச் வரை. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசை வருபவை அப்போது அங்கே இருக்கும், உள்ளூர்ப் பறவைகள் பலவும் இனப்பெருக்க நிறத்தில் இருக்கும். விதிவிலக்கு ஒன்று: சாம்பியாவின் தென் லுவாங்வாவில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆற்றின் செங்குத்துக் கரையில் வளை தோண்டிக் கூட்டமாகக் கூடு வைப்பது செப்டம்பர், அக்டோபரில். நவம்பரில் மழை வந்ததும் அங்கே பல முகாம்கள் மூடிவிடும்.

உடை எந்த நிறம்? நீல ஜீன்ஸ் கூடாதாமே?
— வாசகி, தஞ்சாவூர்

செட்சி என்னும் கடிக்கும் ஈ இருக்கும் இடங்களில் கூடாது. தான்சானியாவின் டராங்கிரி, மேற்கு செரங்கெட்டி போன்ற புதர்க்காடுகளில் அது உண்டு. கருநீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அதைப் பிடிக்க அங்கே மரத்தில் தொங்கவிடும் பொறியே நீலமும் கறுப்புமான துணிதான். ஜீன்ஸ் துணியின் மேலேயே கடிக்கும். காக்கி, மண் நிறம், சாம்பல்பச்சை போதும். வெள்ளை புழுதியில் ஒரு நாள்கூடத் தாங்காது.

உகாண்டாவில் கொரில்லா பார்க்க எந்த மாதம்?
— வாசகர், கொழும்பு

கொரில்லாக்கள் வாழும் பிவிண்டி மழைக்காடு, எந்த மாதமும் நனைய வாய்ப்புண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் வழுக்கல் குறைவு. செங்குத்தான சேற்றுச் சரிவில் ஏறுவது என்பதால் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். அனுமதிச்சீட்டு உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500. ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முதலில் சீட்டு, பிறகு விமான டிக்கெட். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கென்யாவின் அம்போசெலி பூங்காவில் யானையும் பின்னால் கிளிமஞ்சாரோவும் சேர்ந்து தெரியும் படம் எந்த மாதம் கிடைக்கும்?
— வாசகர், திருநெல்வேலி

மாதத்தைவிட மணி முக்கியம். காலை ஒன்பது பத்து மணிக்குள் மேகம் மலையை மூடிவிடும், சில நாள் மாலையில் மறுபடி விலகும். ஜனவரி, பிப்ரவரியில் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். ஆகஸ்ட், செப்டம்பரில் புழுதி மறைக்கும். கிளிமஞ்சாரோவின் நிலத்தடி நீர் ஊறிவரும் சதுப்புகள் இருப்பதால் யானைகள் கடும் வறட்சியிலும் அங்கேயே இருக்கும், நல்ல மழையில்தான் சிதறிப் போகும். ஆகவே பூங்காவுக்கு உள்ளேயோ வாயிலை ஒட்டியோ இரண்டு இரவு தங்கி, இரண்டு விடியலிலும் ஆறு மணிக்கு வண்டியில் இருங்கள். நைரோபியிலிருந்து காலையில் கிளம்பி மதியம் வந்து சேரும் ஒருநாள் பேக்கேஜில் யானை கிடைக்கும், மலை கிடைப்பது அபூர்வம்.